நற்றிணைப் பாட்டும் பால்சுறாக் கருவாடும்

பாம்பன்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது.

உன் கட்டுரையைப் போனில் மூன்று தடவை படித்தேன். உப்பும் மணலும் ஒட்டிய விரலுக்குப் பக்கம் நகர மாட்டேன் என்கிறது. கடைசியில் மூக்கால் தள்ளித்தான் படித்தேன், சிரிக்காதே.

தேரில் வரும் பணக்காரன் மகனையும் மீன்பிடிக்கும் பரதவர் மகளையும் எதிரெதிரே நிறுத்தும் அந்த நற்றிணை 45ஆம் பாட்டை எடுத்தாய், சரி. வர்க்கம், அதிகாரம் என்று நீ சொல்வதும் புரிகிறது. ஆனால் அந்தப் பெண்ணுக்காகப் பேசும் தோழி, எங்கள் மேல் மீன் நாற்றம் அடிக்கிறது என்று 'புலவு நாறுதும்' என்பதைத் தாழ்வு மனப்பான்மை என்று எழுதிவிட்டாயே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை. அடுத்த சொல்லைப் பார். 'செல நின்றீமோ'. எட்டிப் போய் நில்லும் என்கிறாள். கூசிப் போனவள் இப்படியா பேசுவாள்?

நேற்று பால்சுறாவைக் கீறி உப்புப் போட்டுக் காயவைத்து, கம்போடு காக்காய் விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வியாபாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு விலை கேட்டார். "நாறுதுன்னா அங்கேயே நில்லுங்கண்ணே, இங்கேயிருந்தே விலை சொல்றேன்" என்றேன். அந்தப் பாட்டிலும் சுறாவை அறுத்துக் காயப்போட்டுப் பறவைதானே ஓட்டுகிறார்கள்?

இன்னொன்று. 'எம்மனோரில் செம்மலும் உடைத்தே', எங்கள் ஆட்களிலும் பெரிய மனிதர்கள் உண்டு என்று அவள் முடிக்கிறாள். உழைக்கிறவர்களின் பெருமை என்று கொண்டாடிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டாய். அந்தச் செம்மல் யார் என்று கேட்க வேண்டாமா? உன் அப்பாவும் படகுக்காரர் சம்மாட்டியும் ஒரே ஊர், ஒரே கோயில். ஆனால் செலவு கழித்து, படகுக்கும் வலைக்கும் பங்கு போன பிறகுதான் அப்பா கைக்குக் காசு வரும். அந்தச் சம்மாட்டியும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர், அவர் போட்ட விலைக்கு மீனைக் கொடுத்தாக வேண்டும்.

உன் சித்திக்கு அந்தப் பங்கும் இல்லை. விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிறாள். அது உணவைக் கெட்டியாக்கும் அகர் ஆகி எங்கெங்கோ போகிறது. மன்னார் வளைகுடாத் தீவுகளை 1986இல் தேசியப் பூங்கா ஆக்கிவிட்டார்கள், அதனால் அந்தப் பக்கம் போவதே பயம்தான். அவளை அந்தப் பாட்டில் தேடினேன், காணோம். பாடியவர் பெயரும் கிடைக்கவில்லையாமே. பறவை ஓட்டுவதைப் பார்த்திருக்கிறார், அது தெரிகிறது. கம்பு பிடித்த கையா என்பதுதான் தெரியவில்லை.

போன தடவை அனுப்பிய பொட்டலத்தை, ஹாஸ்டலில் வாடை வரும் என்று பிரிக்காமலே யாருக்கோ கொடுத்துவிட்டாயாம். தம்பி உளறிவிட்டான். கோபமில்லை. 'தாழ்வு மனப்பான்மை' என்ற வார்த்தையைப் படித்தபோது அது ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

இந்தத் தடவையும் கால் கிலோ வைத்திருக்கிறேன். பாலிதீன் பை ஒன்றுதான் போட்டிருக்கிறேன்.

அம்மா