கேள்வி கேட்கிற பிள்ளையை உட்கார வைக்கச் சொல்லாதீர்கள்: பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஒரு வரலாற்று ஆசிரியையின் திறந்த மடல்

மதிப்புக்குரிய பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

நீலகிரி மாவட்டம் கூடலூர் வட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வரலாறு நடத்துகிறேன். "வரலாற்று வகுப்பில் மதமும் அரசியலும் பேச வேண்டாம், புத்தகத்தில் உள்ளதை நடத்தி, வினா விடை எழுதிப் போட்டால் போதும்" என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் வரப்போவதாகத் தலைமையாசிரியர் சொன்னார். அது நிறைவேறுவதற்கு முன்னால் என் தரப்பை நீங்கள் கேட்க வேண்டும். கூட்டத்தில் பேச எனக்கு ஐந்து நிமிடம் கிடைக்கும். சொல்ல வேண்டியது அதைவிட நிறைய இருக்கிறது.

தீர்மானத்துக்குக் காரணமான வகுப்பையே எடுத்துக்கொள்வோம். மைசூர்ப் போர்கள் பாடம். ஒரு பையன் எழுந்து, "டீச்சர், திப்பு கோயிலை இடிச்சவன்னு எங்க மாமா வாட்ஸ்அப்ல காட்டினாரு. நெசமா?" என்று கேட்டான். பின் பெஞ்சிலிருந்து இன்னொருவன், "அதெல்லாம் பொய், அவரு வெள்ளைக்காரனை எதிர்த்துச் செத்தவரு" என்றான். இரண்டு பேரும் ஒரே எஸ்டேட் லைனில் அடுத்தடுத்த வாசல்காரர்கள். தினமும் திப்பு சுல்தானின் பெயரையே தாங்கிய சுல்தான் பத்தேரிக்கு பஸ் போகிற ரோட்டில் நின்று பள்ளிக்கூடம் வருகிற பிள்ளைகள் திப்புவைப் பற்றிக் கேட்காமல் யாரைப் பற்றிக் கேட்பார்கள்?

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மலபாரிலும் குடகிலும் திப்புவின் படை செய்த கொடுமைகளையும் கட்டாய மதமாற்றங்களையும் மறைக்க முடியாது. பத்தேரியில் இருக்கிற பழைய சமணக் கோயில் அவருடைய படைக்கு வெடிமருந்துக் கிடங்காகப் பயன்பட்டது. 1791இல் மராத்தியப் படையைச் சேர்ந்தவர்கள் சிருங்கேரி மடத்தைச் சூறையாடினார்கள். அப்போது மடத்துச் சுவாமிகளுக்குக் கன்னடத்தில் கடிதம் எழுதி, சாரதாம்பாளை மறுபடி பிரதிஷ்டை செய்யப் பொருளுதவி அனுப்பியவரும் அதே திப்புதான். மைசூர்த் தொல்லியல் துறையின் ஆர். நரசிம்மாச்சார் 1916இல் அந்தக் கடிதங்களை மடத்திலிருந்தே கண்டெடுத்தார். ஓரிடத்தில் இடிக்கிறவர் இன்னோரிடத்தில் கொடுக்கிறாரே, ஏன்? அது யாருடைய நாடு, யார் வரி கட்டுகிற ஊர், அங்கே எதிர்த்தது யார் என்று தேடிப் பாருங்கள் என்றேன். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் இந்த நீலகிரி மலை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. திப்புவின் அரண்மனையைப் பிரித்த மரத்தில்தான் ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயத்தின் உத்தரங்கள் நிற்கின்றன. அதையும் சேர்த்தே சொன்னேன்.

அன்று சாயங்காலமே இரண்டு வீடுகளிலிருந்தும் புகார் வந்துவிட்டது. டீச்சர் திப்புவைப் புகழ்ந்தார் என்று ஒரு வீடு, டீச்சர் திப்புவைக் கேவலப்படுத்தினார் என்று இன்னொரு வீடு. ஒரு வீட்டார் கூடுதலாக ஒரு வார்த்தை சொன்னார்கள்: "அவங்க கிறிஸ்தவங்க, அப்படித்தான் பேசுவாங்க."

ஆமாம், நான் கிறிஸ்தவள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தவறவிடாதவள். ஜெபம் செய்யாமல் வீட்டுப் படி இறங்க மாட்டேன். என் விசுவாசம் எனக்கு உயிர். அதனால்தான் வகுப்பில் அதற்குத் தனிச் சலுகை கொடுப்பதில்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாதென்று உத்தரவு போட்டபோது, தஞ்சாவூரில் ஏராளமானோர் சாதியை விட மனமில்லாமல் சபையை விட்டார்கள். நம் தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிக்குச் சுவர் எழுப்பினார்கள். இதையெல்லாம் என் பிள்ளைகளுக்கு நான் சொல்லாமல் விட்டதில்லை. உண்மையைச் சொன்னதால் என் ஆண்டவர் சிறுமைப்பட்டுவிட மாட்டார். உங்கள் தெய்வங்களும் அப்படித்தான் என்று நம்புகிறேன்.

மதத்தையும் அரசியலையும் தள்ளி வைத்துவிட்டு நம் ஊர் வரலாற்றை நடத்த முடியுமா, யோசித்துப் பாருங்கள். கூடலூர், பந்தலூரில் பணியர் பழங்குடிப் பிள்ளைகள் படிக்காத பள்ளிக்கூடம் குறைவு. வயநாட்டு வள்ளியூர்க்காவு பகவதி கோயில் திருவிழாவில்தான் அவர்களுடைய முன்னோர்களை நிலக்காரர்கள் விலை பேசினார்கள். கையில் பணம் வாங்கி, பகவதி சந்நிதியில் வாக்குக் கொடுத்துவிட்டால் ஒரு வருஷம் அந்த நிலத்தை விட்டு அசையக் கூடாது. கொடுத்த வாக்கை மீறினால் அம்மன் தண்டிப்பாள் என்ற பயம் விலங்காக வேலை செய்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. இந்தப் பாடத்தில் பக்தியை எடுத்துவிட்டால் அடிமைத்தனம் எப்படி நடந்தது என்றே புரியாது. அரசியலை எடுத்துவிட்டால் அது எப்படி முடிந்தது என்று புரியாது. அந்தப் பிள்ளைகள் தலை குனிந்து கேட்கிற பாடமாக இது ஆகிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு முறையும் கவனமாக இருக்கிறேன். அந்தக் கவனத்தை எந்த வினா விடைத் தாளும் எனக்குத் தராது.

உங்களில் பாதிப் பேருடைய கதைக்கு வருகிறேன். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மீதியை 1974இல் சரிபாதியாகப் பங்கு போட்டார்கள். போன வருஷம் இந்தக் கணக்கைப் போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி, "எங்க ஆச்சியோட கார்டு வீட்ல இருக்கு டீச்சர்" என்றாள். மறுநாள் பாலித்தீன் பையில் சுற்றி எடுத்து வந்தாள். தாயகம் திரும்புகிறவர்களுக்குக் கண்டியில் கொடுத்த குடும்ப அட்டை. மடிப்பு விழுந்த இடமெல்லாம் நைந்து, பழுப்பு செலோடேப் ஒட்டியிருந்தது. குடும்பம் மொத்தமும் வரிசையாக நிற்கிற சின்ன போட்டோ. கைக்குழந்தை அசைந்துவிட்டதால் அதன் முகம் மட்டும் கலங்கலாக இருந்தது. அந்தக் குழந்தைதான் மாணவியின் அம்மா.

பிள்ளைகள் ஒவ்வொருவராக அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த வழியை மேப்பில் கோடு போட்டார்கள். பிறகு ஒருவன் கேட்டான்: "இத்தனை லட்சம் பேரை அனுப்புறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா டீச்சர்?" இது அரசியல் கேள்விதான். தீர்மானம் நிறைவேறினால் இந்தப் பையனை நான் உட்காரச் சொல்ல வேண்டும். அந்தக் கப்பலில் வந்த பெரியவர்கள் உங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள், உட்காரச் சொல்லட்டுமா?

பெரியவர்களோடு மாறுபடக் கற்றுக்கொடுக்கிறேன் என்றும் ஒரு குறை வந்தது. அதற்குக் காந்தியையே சாட்சிக்கு அழைக்கிறேன். 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம். தீண்டாமை ஒழிப்புப் பயணத்தில் இருந்த காந்தி, அந்த மாதம் திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை அது என்றார். மாத இறுதியில் நம் குன்னூருக்கு வந்து தங்கினார். இயற்கையின் சீற்றத்தை மனிதரின் பாவத்தோடு முடிச்சுப் போடுவது அறிவுக்கு ஒவ்வாதது என்று தாகூர் மறுத்து எழுதினார். காந்தி கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் தாகூரின் மறுப்பைத் தம்முடைய 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே அச்சிட்டு, பக்கத்திலேயே தம் பதிலையும் கொடுத்தார். பக்தி, விஞ்ஞானம், அரசியல் மூன்றும் மோதிய அந்தச் சண்டையில் யாரும் யாரையும் தேசத் துரோகி என்று சொல்லவில்லை. தீண்டாமை ஒழிய வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. இந்தப் பாடம் முடிந்த அன்று பிள்ளைகள் இரண்டு பக்கமாகப் பிரிந்து, மணி அடித்த பிறகும் வாதாடினார்கள். எனக்கு மிகவும் பிடித்த வகுப்பு அது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவு. அதை நூற்றுக்கு நூறு மதிக்கிறேன். மதங்களைப் பற்றிப் படிப்பதை அந்தப் பிரிவு தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆராய்ந்து கேட்கும் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 51அ பிரிவே சொல்கிறது.

நான் எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்டதில்லை, எந்தப் பிள்ளையையும் என் சபைக்கு அழைத்ததில்லை. இனியும் செய்ய மாட்டேன். செய்தால் மேலிடத்துக்கு எழுதுங்கள். மதிப்பெண் குறையுமோ என்ற உங்கள் பயம் நியாயமானது. அதற்காகப் பொதுத்தேர்வுக்கு வேண்டிய வினாக்களைக் காலை நேரத்தில் தனியாக நடத்துகிறேன், தொடர்ந்து நடத்துவேன்.

தீர்மானத்தைக் கைவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பதிலாக மாதம் ஒரு நாள் பெற்றோர் இரண்டு பேர் என் வகுப்பில் வந்து உட்காரட்டும். வகுப்பில் காட்டுகிற கடிதம், அட்டை, செய்தித்தாள் எதுவானாலும் நகல் எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறேன். நான் சொன்னதில் தவறு இருந்தால் ஆதாரத்தோடு வந்து பிள்ளைகள் முன்னாலேயே சொல்லுங்கள். அடுத்த வாரம் நாட்டுப் பிரிவினைப் பாடம் தொடங்குகிறது. புகார் சொன்ன இரண்டு வீட்டாரும் முதலில் வந்தால் மகிழ்ச்சி. நாற்காலி போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் வரலாற்று ஆசிரியை