முதல் வகை நீரிழிவும் பிசிஜி ஊசியும்: மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். என் மகளுக்கு முதல் வகை நீரிழிவு; அதாவது, உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடும் நோய். காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசியைப் போட்டால் இன்சுலினே தேவைப்படாது என்று சொல்லும் காணொளிகளை உறவினர்கள் மாதம் தவறாமல் எனக்கு அனுப்புகிறார்கள். அதனால்தான் இம்மடல்.

இந்தப் பேச்சுக்கு அடிப்படையே இல்லை என்று தள்ளிவிட முடியாது. பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் டெனிஸ் ஃபாஸ்ட்மன் குழுவினர், நோய் முற்றிய பெரியவர்களுக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு முறை பிசிஜி செலுத்தினர்; மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவர்களுடைய சராசரிச் சர்க்கரை இறங்கி, இறங்கிய நிலையிலேயே நின்றது என 2018இல் அறிவித்தனர். கணையம் மீண்டும் போதிய இன்சுலின் சுரந்ததால் அன்று, நோய் எதிர்ப்பு அணுக்கள் கூடுதலாகச் சர்க்கரையை உட்கொள்ளத் தொடங்கியதால் இது நிகழ்ந்தது என்பது அவர்கள் தந்த விளக்கம். ஆனால் அந்த ஆய்வு நீடித்த எட்டு ஆண்டுகளும் கவனிக்கப்பட்டவர்கள் மூவரே. புதிதாக நோய் கண்ட குழந்தைகளிடம் அமெரிக்காவில் முன்னரே நடந்து 1999இல் வெளியான ஆய்வில் பலன் எதுவும் தெரியவில்லை. இவற்றைக் காணொளிகள் சொல்வதில்லை.

எங்கள் கேள்வி வேறு: ஏற்கெனவே பிசிஜி பெற்றவர்களுக்கு அதை மீண்டும் போட்டால் பலன் உண்டா? அமெரிக்காவில் குழந்தைகள் எல்லோருக்கும் பிசிஜி போடும் வழக்கம் இல்லை. இங்கோ பிறந்தவுடன் போட்டுவிடுகிறோம். என் மகளின் இடது தோளிலும் அந்தத் தழும்பு இருக்கிறது, நோயும் வந்தது. 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கி, சுமார் 2,60,000 பேரை உள்ளடக்கிய உங்கள் ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்று காட்டியது. மண்ணிலும் நீரிலும் உள்ள காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகளுக்கு நம் உடல் ஏற்கெனவே பழகியிருப்பது காரணமாகலாம் என்று அப்போது பேசப்பட்டது. வேறு நாடுகளில் பலித்தது இங்கே பலிக்காமல் போகலாம் என்பதை உங்களைவிட அறிந்தவர் யார்?

எனவே, ஏற்கெனவே பிசிஜி பெற்ற இந்தியப் பெரியவர்களிடம், ஒப்பீட்டுக் குழுவுடன் ஓர் ஆய்வு நடத்துங்கள். இளம் நீரிழிவாளர் பதிவேட்டை 2006 முதல் நீங்களே பராமரிக்கிறீர்கள். கிண்டியில் பிசிஜி தயாரிக்கும் அரசு ஆய்வகம் இருக்கிறது. 2020இல் கொரோனாவுக்காக முதியோரிடம் இதே ஊசியைச் சோதித்த அனுபவமும் உண்டு. முடிவு 'பலன் இல்லை' என்று வந்தாலும் எங்களுக்கு அது போதும்.

அதுவரை, ஆய்வுக்கு வெளியே எவரும் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டாம், இதை நம்பி இன்சுலினை ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம் என்று தமிழிலும் பிற மொழிகளிலும் ஓர் அறிவிப்பு வெளியிடுங்கள். அதை உறவினர்களுக்கு அனுப்பிவைக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தந்தை