உலக சாதனைக் குழந்தைகளும் உங்கள் மாவட்டப் பக்கமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகளை டிவி, யூடியூப், உலக சாதனை என்று இழுத்துக்கொண்டு அலையும் பெற்றோரைப் பேராசைக்காரர்கள் என்று திட்டுவது சுலபம், உங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியிலேயே அப்படி நிறையக் கடிதங்கள் வருகின்றன. காசுக்காகத்தான் என்று முடித்துவிடுகிறார்கள். நான் இந்த விசைத்தறி ஊரில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்குத் தெரிந்து இங்கே பிள்ளையை வைத்துக் காசு பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. எல்லாரும் கையில் இருந்ததைச் செலவழித்தவர்கள், சிலர் தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கிச் செலவழித்தவர்கள்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி கூப்பிட்டாள் என்று ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த சிலம்ப சாதனை நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். அவள் மகள் நாலாவது படிக்கிறாள். கவிழ்த்து வைத்த மண்பானை மேல் ஏறி நின்று இரண்டு மணி நேரம் விடாமல் கம்பு சுற்ற வேண்டும், பானை உடைந்தால் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும், இதுதான் சாதனை. ஒரு மணி நேரம் தாண்டியதும் பாதிப் பிள்ளைகளின் கம்பு சுற்றவில்லை, கையில் சும்மா ஆடிக்கொண்டிருந்தது. மைக் பிடித்தவர் மட்டும் களைக்கவே இல்லை. நடுவில் இந்தப் பிள்ளைக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது போல, அம்மாவைப் பார்த்து முகத்தைச் சுளித்துச் சைகை காட்டுகிறாள், அம்மாவோ ஒரு கையில் போனைப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டே இன்னொரு கையால் பொறு பொறு என்கிறாள். கடைசியில் எல்லாருக்கும் மெடல், பிரேம் போட்ட சர்டிபிகேட். பானை உடைத்த பிள்ளைகளுக்கும்தான், ஏனென்றால் அவர்களும் முன்கூட்டியே பணம் கட்டியவர்கள்.

எதுக்கும்மா இது என்று வெளியே வந்து கேட்டேன். அவள் கோபப்படவில்லை. "எங்க ரெண்டு பேர் வூட்டுலயும் பெருசா படிச்சவங்க இல்லீங்க டீச்சர். எங்க நாத்தனார் பையன் டாக்டருக்குப் படிக்கறான், அதனால ஒரு விசேஷத்துக்குப் போனா அவங்களத்தான் முன்னால கூப்புட்டு உக்கார வெக்கறாங்க. இவ பேரு ஒரு தடவ பேப்பர்ல வந்துருச்சுன்னா எங்களையும் பாப்பாங்கல்லங்க" என்றாள்.

உலக சாதனை என்று பெயரே தவிர அதில் உலகம் எங்கேயும் இல்லை. பார்க்க வேண்டியவர்கள் நாத்தனார், பட்டறையில் கூடவே தறி ஓட்டுகிறவர்கள், எதிர்வீடு, அவ்வளவுதான். நாலு பேர் மதிக்க வேண்டும் என்று சொல்கிறோமே, அந்த நாலு பேர் யார் என்று ஒவ்வொரு பெற்றோருக்கும் பெயரோடு தெரியும். ஒரு காலத்தில் பிள்ளைகளை, சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுக்களில் சேர்த்தார்கள், எம்.ஜி.ஆரும் அண்ணன் சக்கரபாணியும் அப்படிச் சின்ன வயதில் போனவர்கள்தான், ஆனால் அது வீட்டில் சோறு இல்லாததால் நடந்தது. இப்போது சோறு இருக்கிறது. மரியாதைக்குத்தான் பஞ்சம்.

இது ஏழை வீட்டு விஷயம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 2007இல் மணப்பாறையில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். டாக்டர் தம்பதி, சொந்த மருத்துவமனை, பத்தாவது படிக்கிற வயதில் இருந்த 15 வயது மகனைக் கொண்டு ஒரு பெண்ணுக்கு சிசேரியன் செய்ய வைத்தார்கள். உலகிலேயே வயது குறைந்த அறுவை சிகிச்சை நிபுணர் என்று கின்னஸில் பெயர் வர வேண்டுமாம். படிப்பு, பணம், ஊரில் மதிப்பு எல்லாம் இருந்த வீடு. அந்த வீடியோவை அவர்கள் எங்கே போட்டுக் காட்டினார்கள் தெரியுமா, இந்திய மருத்துவச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைக் கூட்டத்தில், சக டாக்டர்களிடம். அவர்களுக்கும் அவர்களுடைய நாலு பேர்! விஷயம் வெளியே வந்து கைதாகும் வரை போனது. கின்னஸ்காரர்கள் இப்படி ஒன்றை ஏற்கவே மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மேஜையில் படுத்திருந்த அந்தப் பெண்ணைப் பற்றி அப்போதும் அதிகம் யாரும் பேசவில்லை.

எங்கள் நாமக்கல் மாவட்டத்துக்கு இதில் தனிப் பங்கு உண்டு. முன்பெல்லாம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றே மாநில ரேங்க் எடுத்த பிள்ளைகளின் முகம் பஸ் ஸ்டாண்ட் முழுக்க பிளெக்ஸில் தொங்கும். 2017இல் அரசு ரேங்க் பட்டியலை நிறுத்தியது, நல்ல முடிவு, அதை இன்றும் வரவேற்கிறேன். ஆனால் பிளெக்ஸ் வைக்கிற ஆசையை எந்த அரசாணையாலும் நிறுத்த முடியவில்லை. ரேங்க் வாங்கவாவது பிள்ளை பிளஸ் டூ வரை வளர வேண்டியிருந்தது. இப்போது இரண்டு வயதுக் குழந்தை நாடுகளின் கொடியைப் பார்த்துப் பெயர் சொன்னாலே சாதனையாளர் ஆகிவிடுகிறது.

சட்டம் இல்லையா என்றால் இருக்கிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமும் அடுத்த வருடம் வந்த விதிகளும் சினிமாவிலும் டிவியிலும் நடிக்கும் குழந்தையை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, கலெக்டரிடம் அனுமதி பெற வேண்டும், வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் வங்கியில் போட வேண்டும் என்கின்றன. சரி, ஆனால் இதெல்லாம் குழந்தை சம்பாதிக்கிறது என்று நினைத்து எழுதிய விதிகள். நான் பார்த்த மண்டபத்தில் குழந்தைக்காகப் பெற்றோர்தான் பணம் கட்டினார்கள். அங்கே எதில் 20 சதவீதம் போடுவது, சர்டிபிகேட்டிலா? அந்த சர்டிபிகேட்டைக் கொண்டுபோனால் விளையாட்டு ஒதுக்கீட்டில்கூட மதிக்க மாட்டார்கள், அங்கீகரிக்கப்பட்ட போட்டியில் வென்றதாகத்தான் கேட்பார்கள். இதை அந்தத் தாய்க்கு எந்த அமைப்பாளரும் சொல்லவில்லை.

இதை உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. அந்த அமைப்பாளர் பள்ளிக்கும் வீட்டுக்கும் ஆள் சேர்க்க வரும்போது கையில் ஒரு பிளாஸ்டிக் பைல் கொண்டு வருவார். உள்ளே முழுக்கப் பேப்பர் கட்டிங், அதில் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கமும் உண்டு. 'உலக சாதனை படைத்த சிறுமி' என்று தலைப்பு, மூன்று பத்தி, பக்கத்தில் மெடலைக் கடித்தபடி ஒரு குழந்தை. செய்திக் குறிப்பு எழுதிக் கொடுப்பதே அவர்தான் என்பது உங்கள் நிருபருக்குத் தெரியாமல் இருக்காது. தறிக்குப் போகிற ஒரு வீட்டில் அந்தக் கட்டிங்தான் சர்டிபிகேட்டைவிடப் பெரிய சாட்சி, அதைக் காட்டித்தான் அடுத்த வீட்டில் பணம் வாங்குகிறார்கள்.

படமே போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை, திருக்குறள் முழுவதையும் ஒப்பிக்கும், தமிழ் வளர்ச்சித் துறையின் குறள் முற்றோதலில் பரிசு வாங்கிய பிள்ளையின் படத்தைப் போடுங்கள், மாவட்ட அளவில் ஓடி ஜெயித்த பிள்ளையின் படத்தையும் போடுங்கள், அதற்கெல்லாம் இப்போது இடம் கிடைப்பதே இல்லை. சாதனைச் செய்தி போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் அதை அங்கீகரித்தது யார், ஒரு குழந்தைக்கு எவ்வளவு வாங்கினார்கள், எத்தனை மணி நேரம் நிற்க வைத்தார்கள் என்று மூன்று வரி சேர்த்துப் போடுங்கள். கேட்டு அமைப்பாளர் சொல்ல மறுத்தால், அதை விளம்பரக் கட்டணம் வாங்கிக்கொண்டு விளம்பரப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
குமாரபாளையம், நாமக்கல் மாவட்டம்.