பூட்ஸ் கழற்றிய கால்

அன்புள்ள மணியம்,

சோறு, ரொட்டி சானாய் எல்லாவற்றையும் நிறுத்தி ஒரே வாரத்தில் 3 கிலோ இறங்கிவிட்டேன் என்று எழுதியிருந்தாய். ரொம்பத் துள்ளாதே, அதில் பெரும்பங்கு தண்ணீர்தான். மாவுச்சத்தை உடம்பு ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கும்போது ஒவ்வொரு கிராமுக்கும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரையும் கூடவே வைத்துக்கொள்கிறது. சோற்றை விட்டால் அந்தத் தண்ணீர் சிறுநீராகப் போய்விடும், தீபாவளி முறுக்கும் பிரியாணியும் உள்ளே போனதும் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எனக்கு எங்கிருந்து இந்த ஞானம் என்று கேட்பாய். கால் வீங்கித்தான். சாயங்காலம் பூட்ஸைக் கழற்றினால் சாக்ஸ் பிடித்த இடத்தில் வளையமாகத் தடம், கட்டைவிரலால் அழுத்தினால் பிசைந்த மாவில் அழுத்தின மாதிரி குழி. தண்ணீர்தானே காலில் இறங்குகிறது, குடிப்பதைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று நானே வைத்தியம் பார்த்தேன். செம்பனைத் தோட்டத்துக்குள் நாள் முழுக்க வெந்துவிட்டு ஒரு போத்தல்கூடக் குடிக்காமல்! சிறுநீர் தே ஓ (பால் விடாத தேநீர்) நிறத்தில் போனதுதான் மிச்சம்.

சுங்கை சிப்புட் கிளினிக்கில் டாக்டர் முதலில் இருதயம், சிறுநீரகம் எல்லாம் பார்த்தார், பிரஷர் மாத்திரை என்ன என்று கேட்டார் (சில மாத்திரைக்கே கால் வீங்குமாம்). அதிலெல்லாம் கோளாறு இல்லை. அப்புறம் சாப்பாட்டைக் கேட்டார். காலையில் சம்பலோடு நாசி லெமாக், மதியம் கருவாட்டுக் குழம்பு, ராத்திரி பாக்கெட் மீ (நூடுல்ஸ்), சாற்றைச் சொட்டு விடாமல். மனுஷன் சிரித்தே விட்டார். உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிறுத்தச் சொல்கிறது, ஒரு தேக்கரண்டிகூட நிறையாது. உப்பிலுள்ள சோடியம் தண்ணீரைப் பிடித்து வைக்கும், குடிப்பதைக் குறைத்தாலோ மூளையிலிருந்து ஒரு ஹார்மோன் போய் சிறுநீரகத்திடம் 'வெளியே விடாதே' என்று சொல்லிவிடும். நான் இரண்டு வேலையையும் ஒன்றாகப் பார்த்திருக்கிறேன்.

இப்போது கருவாட்டை முன்கூட்டியே ஊறப்போட்டு இரண்டு தரம் தண்ணீர் மாற்றுகிறோம். மீ சாற்றைக் கொட்டுகிறேன், மனசு கேட்கவில்லைதான். மோட்டார் சைக்கிளில் எப்போதும் இரண்டு போத்தல். சாக்ஸ் தடம் இன்னும் விழுகிறது, ஆனால் குழி இல்லை. உனக்கு ஒரு கால் மட்டும் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ என்னை மாதிரி வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதே, நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடு.

பொங்கலுக்கு வா. ரசத்தில் உப்பு குறைவாகத்தான் இருக்கும், என் வீட்டுக்காரியிடம் வாயைத் திறக்காதே.

உன்
குணா