வைத்துவிடு என்று சொன்னேன், அம்மணி

பெருந்துறை,
ஐப்பசி 9

அன்புள்ள அம்மணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். நீயும் பாப்பாவும் மாப்பிள்ளையும் நலமா?

கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் நன்றாகப் போகிறது. மஞ்சளுக்கு மண் அணைத்தாயிற்று. கிழக்கு ஓரத்துக் கிளுவை வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குச் சந்து விழுந்திருக்கிறது, இன்னும் கட்டவில்லை. சிவகிரிப் பெரியம்மா இந்த மாதம் இரண்டு முறை வந்து போனார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்காமல் போனதுதான் எனக்கு உறுத்தியது.

நீ போன் செய்து இன்றோடு 19 நாள் ஆகிறது. வேலை அதிகமாக இருக்கும். இரவில் நேரத்தோடு சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை. உன் சம்பளம் உன் பெயரில் இருக்கும் தனிக் கணக்கில்தானே விழுகிறது? அப்படியே இருக்கட்டும். பாப்பாவின் பிறப்புச் சான்றிதழும் பள்ளிக் காகிதங்களும் உன் பையிலேயே இருக்கட்டும். காரணம் ஒன்றுமில்லை. காகிதம் கையில் இருந்தால் மனதுக்குத் தெம்பு.

நீ அனுப்பிய மெட்ரோ மேம்பாலப் படத்தை வெள்ளகோவில் மாமாவிடம் காட்டினேன். “தூணுக்குத் தூண் ஒரு கண் எத்தனை மீட்டர், மாப்பிள்ளை?” என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. 32 வருடம் தண்டவாளத்திலும் பாலத்திலும் கிடந்தவன், மகள் கணக்குப் போட்ட பாலத்தின் கண் அளவு தெரியாமல் நின்றேன். நீ போனில் சொல்லாமலா இருந்திருப்பாய்?

உன்னால் எனக்குக் குறைவே வந்ததில்லை, அம்மணி. 2001-இல் ராணுவத்துக்கு விண்ணப்பம் போடுகிறேன் என்று நீ நின்றபோது, பெண்ணுக்கு அங்கே என்ன கொடுப்பார்கள், அலுவலகத்தில் உட்கார வைப்பார்கள் என்று சொல்லித் தடுத்தவன் நான். 2023 ஏப்ரல் 29 அன்று ஐந்து பெண்கள் பீரங்கிப் படைக்கு அதிகாரிகளாகப் போனார்கள். பரங்கிமலையில், 1969-இல் நான் ராணுவ அதிகாரிப் பயிற்சி முடித்து நடந்த அதே இடத்திலிருந்து. அந்தச் செய்தித்தாளை வெட்டிப் பச்சைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். உன்னிடம் சொன்னதில்லை.

ஆனால் தீபாவளிக்கு வருகிறேன், வருகிறேன் என்று மூன்று வருடம் ஓட்டிவிட்டாய். அம்மாவின் திதிக்கும் வரவில்லை. அன்று இலை போட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபத்தில் எழுதவில்லை. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

உனக்கு எட்டு வயதில், ஒரு மே மாதம், ஊத்துக்குளிக்கும் விஜயமங்கலத்துக்கும் நடுவே என்னோடு லைனில் நடந்து வந்தாயே, நினைவிருக்கிறதா? மற்ற இடத்தில் தண்டவாளத்துக்குத் தண்டவாளம் இடைவெளி விட்டிருக்கிறதே, இங்கே ஏன் இல்லை என்று கேட்டாய். இது நீளமாகப் பற்றவைத்த தண்டவாளம் என்றேன். சும்மா கிடந்தால் ஒரு கிலோமீட்டர் இரும்பு ஒரு டிகிரிக்கு பதினொன்றரை மில்லிமீட்டர் நீளும். 30 டிகிரி ஏறினால் ஓர் அடிக்கும் மேல். ஆனால் கட்டையும் ஜல்லியும் பிடித்து வைத்திருப்பதால் நடுப்பகுதி அசையாது, அந்த ஓர் அடியும் உள்ளுக்குள் அழுத்தமாக நிற்கும் என்றேன். “வெளியே எப்படித் தெரியும், அப்பா?” என்று கேட்டாய். நெளிந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும், அதனால்தான் வெயில் காலத்தில் உச்சிப் பொழுதில் ஆள் நடந்து பார்க்கிறோம் என்றேன்.

அன்று கீமேன், தண்டவாளத்தைக் கட்டையோடு இறுக்கிப் பிடிக்கும் இரும்புச் சாவிகளை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டிக்கொண்டே முன்னால் போனார். இறுகிய சாவிக்கு ஒரு சத்தம், தளர்ந்ததற்கு ஒரு சத்தம். நீ கண்ணை மூடிக்கொண்டு, “இது தளர்ந்தது” என்று சொன்னாய். அவர் குனிந்து பார்த்துவிட்டு, “பாப்பாவுக்கு நல்ல காதுங்க” என்றார். நானும் தலையை ஆட்டினேன். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது.

காதுக்குக் கருவி வாங்கிவிட்டேன், அம்மணி, இரண்டு காதுக்கும். போன வாரம் ஈரோட்டில் சோதித்தார்கள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இன்னும் ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது என்று காத்திருந்தேன். கதவைத் திறந்து, முடிந்துவிட்டது என்றாள் அந்தப் பெண். வரைபடத்தைக் காட்டினாள். ஓரளவு நேராக வந்த கோடு 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கிணற்றில் விழுந்ததுபோல் இறங்குகிறது. நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே, “வெடிச் சத்தத்தில் வேலை பார்த்தீர்களா, ஐயா?” என்று கேட்டாள்.

25 பவுண்டர் பீரங்கி. குண்டு ஒன்று பதினொரு கிலோவுக்கு மேல் இருக்கும், பேட்டரி என்கிற ஒரு படைப்பிரிவுக்கு ஆறு பீரங்கி. பாகிஸ்தானோடு சண்டை 1971 டிசம்பர் 3 மாலை தொடங்கியது; மேற்கு எல்லையில் 17-ஆம் தேதி இரவு 8 மணிக்குத்தான் நின்றது. அத்தனை நாளும் பீரங்கிகளுக்குப் பின்னால் நின்று கட்டளை கூவினேன். முதல் நாளே ஒரு ஹவில்தார் பஞ்சைக் கையில் கொடுத்து, காதில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எனக்கு 24 வயது. காதில் பஞ்சு வைத்த அதிகாரி என்று ஜவான்கள் நினைப்பார்கள் என்று கூச்சம். சண்டை முடிந்து துணி துவைக்கப் பையைத் துழாவினால், அந்தப் பஞ்சு அழுக்குப் படாமல் வெள்ளையாகவே இருந்தது.

1975-இல் ரயில்வேக்கு வந்தேன். காதைப் பற்றி ஒருவரிடமும் சொல்லவில்லை. மருத்துவச் சோதனைக்குப் போகும்போது, முன்னால் போய் வந்தவரிடம், காது சோதிக்க மெல்லிய குரலில் என்ன எண் சொன்னார்கள் என்று கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு போவேன். இப்படியே வருடங்கள் போயின. ஒரு நாள், மேட்டை வெட்டி லைன் போட்ட பள்ளத்துக்குள் ஒரு வளைவில், தண்டவாளத்தில் ஆள் தள்ளி ஓட்டும் டிராலியில் வந்துகொண்டிருந்தோம். பின்னால் சரக்கு வண்டி ஊதியிருக்கிறது. எல்லாருக்கும் கேட்டது, எனக்குக் கேட்கவில்லை. மூத்த டிராலிமேன் என் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டார், மற்ற மூவரும் டிராலியைத் தூக்கி ஓரம் தள்ளினார்கள். ஜல்லியில் கிடந்தபடியே வண்டி போவதைப் பார்த்தேன். என் ஒருவனுடைய வீம்பால் நான்கு குடும்பம் தெருவில் நின்றிருக்கும். அறிக்கையில் ஒரு வரிகூட எழுதவில்லை. இரண்டு மாதத்தில் நானாகக் கேட்டு வரைபட அலுவலகத்துக்கு மாறிக்கொண்டேன். வீட்டில் அதைப் பதவி உயர்வு என்று சொன்னேன். உனக்கு அன்று வாங்கி வந்த மைசூர்பாகு அதற்காகத்தான்.

உன் அம்மாவுக்கு மட்டும் தெரியும். நானாகச் சொல்லவில்லை, அவளே கண்டுகொண்டாள். நீ கூப்பிட்டால் போனை அவளே ஏன் பிடித்துக்கொண்டாள் என்று இப்போது புரிகிறதா? உன் பேச்சைக் கேட்டு, என் பக்கம் திரும்பி, உதட்டை நன்றாக அசைத்து எனக்குச் சொல்வாள். அவள் போன பிறகு இந்த மூன்று வருடமாக நான் உன்னிடம் பேசியதெல்லாம் குத்துமதிப்புத்தான். நீ சிரித்தால் சிரித்தேன், நிறுத்தினால் “சரி அம்மணி” என்றேன். நீ சொன்னதில் எத்தனை எனக்கு வந்து சேர்ந்தது என்று எனக்கே தெரியாது.

அந்தப் பெண் சொன்னாள்: “உயிரெழுத்து காதில் விழும், ஐயா. மெய்யெழுத்துத்தான் போய்விடும். பேசுவது கேட்கும், என்ன பேசினார்கள் என்பது தெரியாது.” பஸ்ஸில் திரும்பி வரும்போது, திண்டல் தாண்டியதும், நீ கடைசியாகப் பேசிய ராத்திரி நினைவுக்கு வந்தது.

நீ ஒன்று கேட்டாய். “வைத்துவிடட்டுமா, அப்பா?” என்று என் காதில் விழுந்தது. “வைத்துவிடு அம்மணி, நேரமாயிற்று” என்றேன். நீ வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டாய். நான் குரலை உயர்த்தி, “அதுதான் சொன்னேனே, வைத்துவிடு” என்றேன்.

போனை வைப்பதற்கு யாரும் இரண்டு முறை கேட்கமாட்டார்கள். “வந்துவிடட்டுமா” என்றா கேட்டாய்?

அப்படிக் கேட்டிருந்தால் என் பதில் அதுவல்ல, அம்மணி. கேட்கவில்லை என்றால், அப்பா எதையோ நினைத்து எழுதிவிட்டார் என்று விட்டுவிடு. எதற்கு, என்ன என்று நான் கேட்கப்போவதில்லை. பெரியம்மாவையும் கேட்க விடமாட்டேன். மாடி அறையில் இருந்த மஞ்சள் மூட்டைகளைக் கீழே இறக்கி, சுண்ணாம்பு அடித்தாயிற்று. அம்மாவின் தையல் இயந்திரத்தை ஜன்னல் ஓரம் தள்ளிவிட்டால் பாப்பாவுக்கு ஒரு மேசை போட இடம் இருக்கிறது.

குர்லா எக்ஸ்பிரஸில் புனேயில் ஏறினால் நேராக ஈரோட்டில் இறங்கிக்கொள்ளலாம். சான்றிதழ்களை மறக்காதே. போனில் சொல்லாதே, தேதியையும் பெட்டி எண்ணையும் எழுதி அனுப்பு. அந்தப் பெட்டி வந்து நிற்கும் இடத்தில் நான் நிற்பேன்.

அன்புடன்,
அப்பா