மிக் விமானத்தின் உள்ளறை நீலம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில் சென்ற வாரம் சோவியத் நாட்டு மிக் போர் விமான மாதிரிக்கு வண்ணம் பூசுவது பற்றி அரைப்பக்கம் வந்திருந்தது. உடல் வெள்ளி, விமானி அறை நீலம், சக்கரம் கறுப்பு என்று மூன்றே வரியில் வேலையை முடித்துவிட்டீர்கள். என் பேரன் அதைக் கத்தரித்து ஒரு கையிலும், புதிதாக வாங்கிய வெள்ளிப் பெயின்ட் டப்பாவை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான். சண்டிகரில் 2025 செப்டம்பர் 26 அன்று நம் விமானப்படை மிக்-21க்கு விடை கொடுத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த நாளிலிருந்து அவனுக்கு இந்தப் பித்து.

நான் கோவையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் டிங்கரிங் பட்டறையில் பெயின்டராக இருந்தவன். நசுங்கிய காரின் ஒரே ஒரு கதவுக்குப் பெயின்ட் அடித்து, அது பக்கத்துக் கதவோடு ஒட்டிப் பிறந்ததுபோல் தெரியவைப்பதுதான் என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் பிளாஸ்டிக் விமானம் ஒட்டுவேன். அதிலும் சோவியத் ஜெட் விமானங்கள் மட்டும். பள்ளிப் புத்தகத்துக்கு அட்டை போட வாங்கிய வழவழப்பான சோவியத் பத்திரிகைகளில் தொற்றிக்கொண்ட நோய் அது.

முதலில் அந்த 'நீலம்'. பிற்கால மிக்-21இன் உள்ளறை நிறத்தை நீலம் என்று எழுதினால், பையன்கள் பள்ளிச் சீருடை நீலத்தை எடுத்து அப்பிவிடுவார்கள். அது பச்சையும் நீலமும் கலந்து, கொஞ்சம் வெள்ளை விட்டுத் தணித்த நிறம். என் மனைவி சிறுமுகை நெசவுக் குடும்பத்துப் பெண். நான் கலந்து வைத்திருந்த கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ராமர் பச்சையில் ஏன் பாலை ஊற்றி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டாள். இத்தனை ஆண்டுகளில் அந்த நிறத்துக்கு நான் கேட்ட சரியான விளக்கம் அதுதான். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கும் விமானியின் கண்ணுக்குச் சோர்வு தராத நிறம் என்பதால் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்வார்கள்.

ரஷ்ய மொழியில் அடர்நீலத்துக்கு 'ஸீனி', வெளிர்நீலத்துக்கு 'கலுபோய்' என்று தனித்தனிச் சொற்கள். அவர்களுக்கு அவை இரண்டு வேறு நிறங்கள். விமானத்தின் வயிற்றுப் பக்கம் பூசிய கலுபோய் ஆங்கிலத்துக்குப் போகும்போது ஒற்றை நீலமாகி, அங்கிருந்து நம் கைக்கு வரும்போது இன்னும் மொட்டையாகிவிடுகிறது. நமக்கு மட்டும் சொல் பஞ்சமா? ஆனந்தா நீலம், மயில்கழுத்து, கிளிப்பச்சை, பாசிப்பச்சை என்று ஜவுளிக்கடையில் வாய் ஓயாமல் சொல்கிறோம். பத்திரிகையில் எழுதும்போது மட்டும் நீலம், பச்சை என்று சுருங்கிவிடுகிறோம்.

இந்தப் பால் ஊற்றிய ராமர் பச்சையை எல்லா மிக் விமானத்துக்கும் பூசலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். நான் கிளம்பினேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்காட்சியில் என் மிக்-15ஐ வைத்திருந்தேன். விமானப்படையில் மிக்-21 பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் வந்தார். குனிந்து, பேனா டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தார். "தம்பி, இது எங்கள் வீட்டு நிறமாயிற்றே, இவன் வீட்டுக்கு எப்படி வந்தது?" என்றார். மிக்-15, மிக்-17 விமானங்களின் உள்ளறை சாம்பல் நிறம். மிக்-21இன் தொடக்க வகையான எஃப்-13லும் சாம்பல்தான். பசுநீலம் பின்னால் வந்தது. அன்று அவர் இன்னொன்றும் சொன்னார். மிக்-21இன் கருவிப் பலகையில் நடுவே செங்குத்தாக ஒரு வெள்ளைக் கோடு உண்டு. விமானம் கட்டுப்பாடு இழந்து சுழலும்போது கட்டுப்பாட்டுத் தண்டை அந்தக் கோட்டுக்கு நேராகத் தள்ளிப் பிடிக்க வேண்டும். உள்ளே இருந்தது மிக்-21 நிறம் என்பதால் அந்தக் கோட்டையும் தேடினாராம்.

அடுத்து வெள்ளி. பெயின்ட் பூசாத மிக் விமானம் பித்தளைக் கடையில் தொங்கும் எவர்சில்வர் குடம்போல் பளபளக்காது. அலுமினியத் தகட்டின் மேல் நிறமற்ற வார்னிஷ் பூசியிருப்பார்கள். தகட்டுக்குத் தகடு பளபளப்பு மாறும். எஞ்சின் புகைவாயில் பக்கம் சூடுபட்ட உலோகம் பழுப்பும் நீலமுமாகத் தெரியும். ஒரே டப்பாவை எடுத்து மூக்கிலிருந்து வால்வரை அடித்தால் பொம்மைதான் கிடைக்கும். நான் மூன்று வெள்ளிகள் கலப்பேன்: ஒன்று நேராக, ஒன்றில் ஒரு சொட்டுக் கறுப்பு, ஒன்றில் ஒரு சொட்டு வெள்ளை.

மூக்குக்கூம்பையும் வால் நுனியையும் வெள்ளியாக விட்டால் பெரும்பிழை. அவற்றுக்குள் ரேடாரும் ஆண்டெனாவும் இருக்கின்றன. உலோகம் ரேடியோ அலையை மறித்துவிடும் என்பதால் அந்தப் பாகங்களை வேறு பொருளில் செய்து, பல விமானங்களில் பச்சையும் சிலவற்றில் சாம்பலும் பூசினார்கள். சக்கரம் கறுப்பு என்று எழுதியிருந்தீர்கள். டயர் கறுப்பு, சரி. அதன் நடுவிலுள்ள வட்டு நல்ல பச்சை.

என்ன எண் டப்பா வாங்க வேண்டும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கடைகளில் கிடைக்கும் பல டப்பாக்களில் 'எஃப்எஸ் 595' என்ற அமெரிக்க அரசு வண்ணப் பட்டியலின் ஐந்து இலக்க எண் இருக்கும். முதல் இலக்கம் 1 என்றால் பளபளப்பு, 2 என்றால் பாதிப் பளபளப்பு, 3 என்றால் மங்கல். அருமையான ஏற்பாடு, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சோவியத் தொழிற்சாலையில் யாரும் அந்தப் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு பெயின்ட் காய்ச்சவில்லை. 'இதற்கு மிக அருகில் உள்ள எண்' என்று பின்னாளில் ஒருவர் கண்ணால் பார்த்துச் சொன்னதைத்தான் டப்பாவில் அச்சடித்திருக்கிறார்கள். அந்த 'அருகில்' எவ்வளவு தூரம் என்பது கார்க் கதவு பூசியவனுக்குத் தெரியும். இரண்டு ஆண்டு வெயிலில் நின்ற வெள்ளைக் காருக்கு அதே கம்பெனியின் அதே எண் வெள்ளையை அடித்தால் ஒட்டுப்போட்ட வேட்டிபோல் தனியே தெரியும்.

புகைப்படத்தைப் பார்த்துப் பூசலாமே என்பார்கள். பழைய வண்ணப்படங்களில் சாயம் வெளுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அருங்காட்சியகம்? மாஸ்கோவை அடுத்த மோனினோவில் விமானங்கள் பனியிலும் மழையிலும் திறந்தவெளியில் நின்றவை. பலமுறை மறுபூச்சு கண்டவை. அங்கே எடுத்த படத்தை வைத்து 1970இன் நிறத்தைச் சொல்வது, புதுப்பித்த கோபுரத்தின் எனாமல் பெயின்ட்டைப் பார்த்துச் சோழர் கால வண்ணம் சொல்வதுபோலத்தான். நம்பத் தகுந்த படம் என்றால் நாளும் இடமும் தெரிந்த படம். 1976 செப்டம்பர் 6 அன்று விக்டர் பெலென்கோ என்ற சோவியத் விமானி நாட்டை விட்டுத் தப்பி, மிக்-25ஐ ஓட்டிக்கொண்டு ஜப்பானின் ஹக்கோடாட்டேயில் போய் இறங்கினார். சிவப்பு 31 என்று எண் எழுதிய சாம்பல் விமானம். அந்தப் படங்களைப் பார்த்து அந்த விமானத்தை நம்பிக்கையோடு செய்யலாம். முப்பத்திரண்டாம் எண் விமானத்துக்கு அது சாட்சி ஆகாது.

நம் விமானப்படையிலேயே உதாரணம் இருக்கிறது. உருமறைப்பு இல்லாமல் வெள்ளியாகப் பறந்த மிக்-21இன் எஃப்எல் வகை விமானங்களுக்கு 1971 போரையொட்டி அவசரமாகப் பச்சையும் பழுப்பும் பூசினார்கள். கையால் செய்த அவசர வேலை என்பதால் திட்டும் கோடும் விமானத்துக்கு விமானம் மாறின. அந்த ஆண்டு டிசம்பர் 14 அன்று டாக்கா ஆளுநர் மாளிகையைத் தாக்கிய மிக்-21ஐச் செய்ய விரும்பும் பையனுக்கு உங்கள் மூன்று வரி என்ன வழி சொல்லும்? எந்த வகை, எந்த ஆண்டு, எந்த எண் விமானம் என்று முடிவு செய்த பிறகுதான் டப்பாவைத் திறக்க வேண்டும்.

திறந்த பிறகு செய்வதில் என் வழி இது. பிளாஸ்டிக் கரண்டியைக் கவிழ்த்து, அதில் ப்ரைமர் அடித்து, மேலே கலவையைப் பூசி, ஓர் இரவு காயவிடுவேன். ஈரத்தில் பார்த்த நிறம் காய்ந்தால் இருக்காது. மறுநாள் காலை பத்து மணிக்கு வாசல் நிழலில் பார்ப்பேன். டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு நிறங்கள் வெளியே வந்ததும் பிரிந்துவிடும். பட்டறையில் இதில் ஏமாந்து ஒரு முழுப் பானெட்டையும் உரித்துத் திரும்ப அடித்திருக்கிறேன். கடைசியில் ஒரு துளி வெள்ளை. உண்மை மிக்-21இன் இறக்கை அகலம் 7.15 மீட்டர்; எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் செய்த 1/72 அளவு மாதிரியில் பத்து சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அதை ஓர் அடி தள்ளி வைத்துப் பார்ப்பது, நிஜ விமானத்தை எழுபத்திரண்டு அடி தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். தூரத்தில் எந்த நிறமும் வெளுத்துத்தான் தெரியும். எவ்வளவு வெளுக்க வேண்டும் என்பதில் சண்டை போட ஆட்கள் இருக்கிறார்கள். நான் கண் சொல்வதைக் கேட்கிறேன்.

தயவுசெய்து ஒரு திருத்தம் வெளியிடுங்கள். வண்ணப்படம் மட்டும் போட வேண்டாம். சென்ற வாரம் என் வீட்டுப் பிரதியிலும் எதிர்வீட்டுப் பிரதியிலும் டீக்கடைப் பிரதியிலும் அந்த விமானம் மூன்று நிறத்தில் இருந்தது. சொல்லாக எழுதுங்கள், ராமர் பச்சை என்றே எழுதலாம். பேரன் வாங்கிய வெள்ளி டப்பா இன்னும் திறக்கப்படவில்லை. விமானம் சாம்பல் ப்ரைமரோடு ஜன்னலோரம் நிற்கிறது. எந்த ஆண்டு என்று அவன் இன்னும் முடிவு செய்யவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வாகன பெயின்டர்,
கோயம்புத்தூர்