திதியன்று பிக்குவுக்கு அன்னமிடுவது பற்றி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் தாய்லாந்தின் சியாங்மாயில் வேலையில் அமர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. அம்மாவின் முதல் வருஷத் திதிக்கு நீயும் அங்கேதான் இருப்பாய், காலையில் பிச்சைக்கு வரும் புத்த பிக்குகளுக்கு அன்னமிடலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக இடு.

விநயம் என்னும் துறவியர் ஒழுக்க விதிகளின்படி பிக்கு சமைக்கக் கூடாது, காசு வாங்கக் கூடாது. இன்றைய சோற்றை நாளைக்கு வைத்துக்கொள்ளவும், உச்சிவேளை தாண்டி உண்ணவும் தடை. பசித்தாலும் வாய்விட்டுக் கேட்கமாட்டார். இந்தக் கட்டுகள்தான் அவரை நாள்தோறும் ஊராரின் வாசலுக்கு வரவைக்கின்றன. ஒரு மாதத்து அரிசியை மடத்தில் கொட்டிவிட்டால் அவருக்கு வசதிதான், ஆனால் ஊராருக்குக் கொடுக்கும் வாய்ப்பு போய்விடும்.

விடிந்ததும் ஆறு மணிக்கெல்லாம் தெருவில் நில். ஒரு பிக்குவுக்கு ஒரு கரண்டி வெறும் சோறு, பையில் கட்டிய ஒரு குழம்பு, ஒரு பழம், சின்னத் தண்ணீர் பாட்டில் போதும். சமைக்காத அரிசி, சமைக்காத இறைச்சி, பணம் எதுவும் பாத்திரத்தில் போகக் கூடாது. சர்க்கரை பானமும் தேங்காய்ப்பால் இனிப்பும் வேண்டாம். பிக்குகளிடையே நீரிழிவு பெருகியிருப்பது அங்குள்ள மருத்துவர்களுக்குப் பெரிய கவலை. கடைவாசலில் தட்டு தட்டாக அடுக்கி விற்பதையும் வாங்காதே. சில இடங்களில் பிக்குவுக்கு இட்ட அதே பை மீண்டும் விற்பனைக்கு வந்துவிடுகிறது. மகளையே சமைக்கச் சொல்.

பிக்கு நெருங்கும்போது “நிமோன் க்ரப்” (எழுந்தருளுங்கள்) என்று அழைத்தால் நின்று பாத்திரத்தின் மூடியைத் திறப்பார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுந்தரையில் நில். கழற்றிய செருப்பின் மேலேயே ஏறி நிற்பவர்கள் உண்டு. அவர் வெறுங்காலோடு தரையில் நிற்க, நாம் உயரத்தில் நிற்பது மரியாதையாகாது. முதலில் சோறு, பிறகு பைகள். மகள் இடும்போது பிக்குவின் மேல் கை படாமல் பார்த்துக்கொள்ளட்டும். அவர் நன்றி சொல்லமாட்டார். ஆயுள், நிறம், சுகம், பலம் நான்கும் வளரட்டும் என்று பாலி மொழியில் ஓதுவார். மண்டியிட்டுக் கைகூப்பிக் கேள்.

இவையெல்லாம் வெளிமுறை. கொடுக்குமுன் மகிழ்ச்சி, கொடுக்கும்போது தெளிவு, கொடுத்தபின் நிறைவு என்று மனத்துக்கு மூன்று நிலைகளைப் புத்தர் சொல்கிறார். முதல் இரண்டும் எளிதில் வந்துவிடும், மூன்றாவதில்தான் சறுக்கல். சாவத்தி நகரில் ஒரு பெருந்தனவந்தன் வாரிசில்லாமல் இறந்துபோக, அவன் செல்வத்தை அரண்மனையில் சேர்த்துவிட்டுப் பசேனதி அரசன் புத்தரிடம் வருகிறான். நூறு லட்சம் பொன் வைத்திருந்தும் நொய்க்கஞ்சிதான் குடித்தான், உடைந்த வண்டியில்தான் போனான் என்கிறான். முற்பிறவியில் தகரசிகி என்ற பச்சேகபுத்தருக்கு (தானே ஞானம் பெற்றும் பிறருக்குப் போதிக்காதவர்) அவன் அன்னமிடச் சொன்னதுதான் செல்வத்துக்குக் காரணம் என்று புத்தர் விளக்குகிறார். ஆனால் இட்ட பிறகு, “இதை என் வேலையாட்கள் தின்றிருந்தால் நன்றாயிருக்குமே” என்று வருந்தினான். அதனால் செல்வம் வந்தும் அனுபவிக்க மனம் வரவில்லை. எனக்கு இதில் உறைப்பது, சோறு என்னவோ போய்ச் சேர்ந்துவிட்டது என்பதுதான். பின்னால் வந்த ஒரு நினைப்பு கொடுத்தவனையே கெடுத்தது.

ஆகவே நீ இட்டதை அவர் உண்டாரா, மடத்துச் சிறுவனுக்குக் கொடுத்தாரா என்று பின்தொடராதே. சங்கத்துக்கு, அதாவது துறவியர் கூட்டத்துக்கு இடுவது ஒருவருக்கு இடுவதைவிட மேல் என்பது புத்தர் வாக்கு. வரிசையில் யார் வந்தாலும், இளம் சாமணேரர் (பயிற்சித் துறவி) ஆனாலும், ஒரே மாதிரி இடு.

தானத்தின் புண்ணியத்தை அம்மாவுக்குச் சேர்க்கத் தண்ணீர் வார்ப்பதைக் கோயிலில் செய். மூத்த பிக்கு “யதா வாரிவஹா” என்று வாழ்த்தை ஓதத் தொடங்கும்போது சின்னக் குவளையிலிருந்து கிண்ணத்தில் விடாமல் ஊற்று. மற்றவர்கள் “சப்பீதியோ” என்று சேரும்முன் முடித்துவிடு. அதுவரை அம்மாவின் பெயரை நினைத்திரு. கிண்ணத்து நீரை மரத்தடியில் விடு.

ஒன்று மட்டும் முன்கூட்டியே விசாரி. திதி அஷ்டமியிலோ பௌர்ணமி, அமாவாசையிலோ விழுந்தால் அங்கே வன்பிரா, அதாவது பௌத்தர்களின் புனித நாள். சில மடங்களில் அன்று பிக்குகள் தெருவுக்கு வரமாட்டார்கள், ஊரார்தான் உணவோடு போவார்கள். அப்படியானால் நீயும் நேரே கோயிலுக்குப் போய்விடு.

அன்புடன்,
உன் நண்பன்